அம்மா ஏன் எழுந்து நின்றார்

1

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக் கூட்டமொன்றில் எனக்குக் கைதட்டினார்கள். பெரிய டொக்டர்கள், என்னைப் போன்ற சின்ன டொக்டர்கள், நேர்ஸ்மார், நிர்வாகத்திலிருந்து வந்திருந்த டை கட்டிய இரண்டு பேர், எல்லோரும்தான். ஊருக்கு எழுத நல்ல சமாச்சாரம். லுணுகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடும்பங்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்த பையன் இங்கிலாந்தில் பேர் வாங்கினான் என்றால் உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கைதட்டலைப் பற்றி இரண்டு வரி எழுதுவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. ஆகவே அந்த வெட்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேலை செய்வது அவசரப் பிரிவில். நோயாளி முதலில் எங்களிடம் வருவார். பார்ப்போம், இரத்தம் எடுப்போம், ஊசி போடுவோம். தங்கவைத்துப் பார்க்க வேண்டியவர் என்றால் மேல்மாடி வார்டு டொக்டரிடம் ஒப்படைப்போம். நான் வந்த புதிதில் இந்த ஒப்படைப்பு தொலைபேசியில்தான் நடந்தது. கீழே இருப்பவனுக்கு அவசரம். நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியை அனுப்பிவிட வேண்டும் என்பது இந்த நாட்டில் மேலிடத்துக் கட்டளை. மேலே இருப்பவனுக்கு எரிச்சல். அவனுக்குக் கட்டில் இல்லை. "நெஞ்சுவலி, இரத்தம் சரி, அனுப்பட்டுமா?" "அனுப்பு." அவ்வளவுதான் பேச்சு. தேயிலைக் கொழுந்து லொறி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சாக்கிலிருந்து ரோட்டெல்லாம் உதிருமே, அந்த மாதிரி நோயாளியின் கதை படிக்கட்டெல்லாம் உதிர்ந்துகொண்டே போகும்.

எனக்கு இது பொறுக்கவில்லை. எதையாவது பார்த்தால் உடனே சரிசெய்யக் கை துறுதுறுக்கும் ஆள் நான். ஒரு திட்டம் எழுதினேன். போன் வேண்டாம், கீழ் டொக்டரும் மேல் டொக்டரும் நோயாளியின் கட்டிலருகே நேருக்கு நேர் நின்று பேச வேண்டும். நோயாளி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி: "காகிதத்தில் இல்லாதது, ஆனால் உங்களுக்குத் தெரிந்தது, ஏதாவது இருக்கிறதா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என் பெருமை. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் ஒரு கிழவரை ஒப்படைக்கும்போது அந்தக் கேள்விக்கு ஒரு நேர்ஸ் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார்: "பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்." அதைக் கேட்ட பிறகுதான் மனிதருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று தெரிந்தது. தேடிப் பார்த்தால் இரத்தத்தில் கிருமி. அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

2

இயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு அவசரப் பிரிவில் வேலை செய்கிறவன், நல்ல பையன், என் திட்டத்துக்கு முதலில் கைதூக்கியவன்.

வந்த முதல் வருஷம் டிசம்பரில், நத்தார் விருந்தில் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஊர் எது என்று கேட்டான். மலைப்பக்கம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன் என்றேன்.

"அடேயப்பா! உங்கள் குடும்பத்துத் தோட்டமா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் வாயில் இறைச்சி இருந்தது. மென்றபடியே சிரித்தேன். அந்தச் சிரிப்பையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து என்னைப் "பிளான்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தான். நம் பேச்சில் சொன்னால், தொரை! நேர்ஸ்மாரும் பிடித்துக்கொண்டார்கள். "தொரை, மூன்றாம் கட்டிலுக்கு வாருங்கள்." "தொரை, உங்கள் தேநீர் ஆறுகிறது."

எங்கள் அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் தொரை ஜீப்பை விட்டு இறங்கினால், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர். அவர் மகன் தொரை.

திருத்தலாம் திருத்தலாம் என்று நாட்கள் போயின. நாள் போகப் போக இப்படிப்பட்ட சின்னப் பொய் தடித்துவிடுகிறது. முதல் வாரம் திருத்தியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். மூன்றாம் வருஷம் திருத்தினால், "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்கள்.

அம்மாவுக்கு விசா எடுக்கும்போதும் இதேதான். தொழில் என்ற கட்டத்தில் "ஓய்வு பெற்றவர்" என்று போட்டேன். அது பொய்யில்லை. எதிலிருந்து ஓய்வு என்று அந்தக் கட்டத்தில் கேட்கவில்லையே.

3

அம்மா முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். அவர் வாழ்க்கையில் உட்கார்ந்து செய்த வேலை குறைவு. மலையில் நிற்க வேண்டும், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்க வேண்டும், சம்பள நாளில் நிற்க வேண்டும். அதெல்லாம் உடம்பு நிற்பது. இன்னொரு நிற்பும் உண்டு. கணக்கப்பிள்ளை வந்தால், தொரை வந்தால், தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டரய்யா வாசலுக்கு வந்தால், உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிட வேண்டும். காய்ச்சலில் கொதித்துக்கொண்டு வாங்குப் பலகையில் சாய்ந்திருக்கிறவளும் எழுந்துவிடுவாள். யாரும் எழும்பு என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவே வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு மழைக்காலத்தில் எனக்கு மூச்சிழுப்பு வந்தது. கொழுந்து லொறியில் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலில் நான், கட்டில் காலடியில் அம்மா நின்றபடி. என்னை முதலில் பார்த்த டொக்டரும் வார்டுக்குப் பொறுப்பான டொக்டரும் சேர்ந்து வந்தார்கள். வார்டு டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்குத் தமிழ் பேசுகிற டொக்டர் கிடைத்ததே பெரிய காரியம்.

"கதிரையில இருங்கோ அம்மா. எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"பரவாயில்லைங்க ஐயா."

"கால் நோகாதோ?"

"இல்லைங்க ஐயா."

இருவரும் என் தலைக்கு மேலே என்னைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் ஒரு முக்கியமான ஆள் போலத் தோன்றியது. போகும்முன் அவர் அம்மாவைக் கேட்டார்: "வேற ஏதும் சொல்ல இருக்கோ அம்மா?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

அவர்கள் அடுத்த கட்டிலைத் தாண்டிப் போனதும் பக்கத்துக் கட்டில் பையனின் தாயிடம் அம்மா சொன்னார்: "ராத்திரி பூரா இழுத்துச்சுங்க. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சுருச்சு. போயிருவானோன்னு பயந்துட்டேன்."

"அத டொக்டர் கிட்ட சொல்றதுதானே?"

"அவரு படிச்சவரு. பாத்தாத் தெரியாதா? நம்ம முந்திக்கிட்டு வாயத் தொறந்தா நல்லாவா இருக்கும்?"

அன்று பின்னேரம் மறுபடி இழுத்தது. டொக்டர் தாமே கண்ணால் பார்த்தார், மருந்து கொடுத்தார், நான் தேறினேன். ஆனால் அந்தக் கேள்வி என் மனதில் ஒட்டிக்கொண்டது. அதை இங்கிலாந்துவரை தூக்கிவந்து திட்டமாக்கினேன். கேள்வியை மட்டும்தான் தூக்கிவந்தேன். அம்மா நின்றுகொண்டே சொன்ன பதிலை அங்கேயே விட்டுவிட்டேன்.

4

அம்மா இங்கே வந்த முதல் வாரம் வாசல்மணி அடித்தது. சோபாவில் குந்தியிருந்தவர் விறுக்கென்று எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தம்பி, யாரோ பெரியவரு வந்திருக்காரு."

"தபால்காரர்மா."

"இருக்கட்டும். கவர்மென்டு உத்தியோகந்தானே."

மின்சார மீட்டர் பார்க்க வந்தவனுக்கும் எழுந்தார். பஸ்ஸில் டிக்கட் பரிசோதகர் ஏறியபோதும் எழுந்து, பஸ் திரும்பிய வேகத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் மடியில் விழப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. "இங்க அப்பிடியெல்லாம் எந்திரிக்க வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று சத்தம் போட்டேன். அவர் சரி சரி என்பார். அடுத்தமுறையும் எழுந்துவிடுவார். அது அவர் முடிவெடுத்துச் செய்கிற காரியமில்லை. இருமல் வருகிற மாதிரி அது தானாக வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இயன் சாப்பிட வந்தான். அவன் போகும்வரை அம்மா உட்காரவில்லை. கோழிக்கறி வைப்பதும், ரொட்டி வைப்பதும், சுவரோரம் நின்று சிரிப்பதும். இயன் சொக்கிப்போனான். வாசலில் சப்பாத்து மாட்டும்போது என் காதில் சொன்னான்: "என்ன உபசாரம்! பழைய பெரிய குடும்பம் என்பது இதில்தான் தெரிகிறது, தொரை."

நான் மறுபடியும் சிரித்தேன். அப்போது வாயில் இறைச்சிகூட இல்லை.

5

அது ஒரு சனிக்கிழமை காலை. ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த அம்மா அப்படியே சரிந்தார். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். "தல சுத்துச்சு, வேற ஒண்ணுமில்ல, அடுப்பப் பாரு" என்றார். கை சில்லென்று இருந்தது. அம்புலன்ஸ் கூப்பிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். இயன் வேலையில் இருந்தான்.

இயன் குறை வைக்கவில்லை. இதயப் படம் எடுத்தான், சரி. இரத்தம் பார்த்தான், மோசமில்லை. படுத்திருக்கையில் இரத்த அழுத்தம் ஒத்துக்கொள்ளக்கூடியது. நாடி மட்டும் கொஞ்சம் வேகம். புது இடம், பயமாக இருக்கும் என்றான். குடும்பத்தவரை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது விதி. சனிக்கிழமை காலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது? நான் இருக்கிறேனே என்று முந்திக்கொண்டு நின்றேன். மலம் கருப்பாகப் போகிறதா என்று கேட்கச் சொன்னான். கேட்டேன்.

"சீ, என்னா தம்பி பேச்சு இது, ஆம்பளைங்க நிக்கிற எடத்துல" என்று அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இல்லை என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில், திரைச்சீலை விலகி இயன் உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் அம்மா தள்ளுகட்டிலை விட்டு இறங்கி நின்றார். கையில் ஏற்றியிருந்த சேலைன் குழாய் இழுபட, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு. "படுங்கம்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இயன் ஒருமுறை கைகுவித்து வணக்கம்கூடச் சொன்னான்.

பின்னேரத்துக்கு முன்பே மேல்மாடிக்குக் கொண்டுபோனோம். ஒப்படைப்பு என் திட்டப்படியே நடந்தது. வார்டு டொக்டர் ஹெலன் வந்தார். நாற்பது வயதிருக்கும், அலட்டாமல், கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிற பெண். அவர் வந்ததும் அம்மா புதுக் கட்டிலிலிருந்து இறங்கி நின்றார்.

இயன் ஒழுங்காகச் சொன்னான். ஹெலன் திருப்பிச் சொன்னார். பிறகு என் கேள்வியைக் கேட்டார்: "காகிதத்தில் இல்லாதது ஏதாவது?"

இயன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "அவர் நன்றாக இருக்கிறார். நான் போகும்போதெல்லாம் எழுந்து நின்று வரவேற்கிறார். அவர் வீட்டில் என்னை எப்படி வரவேற்றாரோ, அப்படியே."

ஹெலனும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மகனுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

இருந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இது வரவேற்பு இல்லை, தெம்பும் இல்லை, செத்துக்கொண்டிருந்தாலும் இவர் எழுந்து நிற்பார், ஆகவே இதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் பெரட்டுக் களத்தைச் சொல்ல வேண்டும், லயத்தைச் சொல்ல வேண்டும், எங்கள் தோட்டத்தில் யார் நின்றார்கள், யார் ஜீப்பில் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இயன் நிற்கிறான். அவனுக்கு நான் தொரை.

"ஒன்றுமில்லை" என்றேன்.

6

கார் நிறுத்திய சீட்டுக்கு நேரம் முடிகிறது என்று கீழே போனேன். வீட்டிலிருந்து அம்புலன்ஸுக்குப் பின்னால் காரில்தான் வந்திருந்தேன். இந்த ஊரில் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் கார் சீட்டை மறக்க முடியாது. இயந்திரம் என் சில்லறையைத் துப்பித் துப்பித் தள்ளியது. துப்பிய காசை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு நின்றேன். வார்டுக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

திரும்பி வந்து வார்டு வாசலில் நின்றபோது தேநீர் வண்டி தள்ளுகிற கிழவி அம்மாவின் கட்டிலுக்கு வந்திருந்தார். அம்மா அவருக்கும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "உட்காரம்மா, செல்லம்" என்று அந்தக் கிழவி ஆங்கிலத்தில் கெஞ்சினார். அம்மாவுக்கு அது புரியவில்லை. சிரித்தார். சிரித்த உதட்டில் நிறமே இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கோரம் வடிந்தது. அலமாரியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஹெலனைத் தேடி ஓடினேன். மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்: "அவர் நன்றாக இருப்பதால் எழுந்து நிற்கவில்லை. நீங்கள் வந்ததால் எழுந்து நிற்கிறார். உத்தியோகத்தில் இருக்கிற யார் வந்தாலும் நிற்பார். அப்படிப் பழக்கப்பட்டவர். தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்."

ஹெலன் பேனாவை வைத்தார். வேறு எதுவும் கேட்காமல் நடந்தார். அம்மாவைப் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார்கள். மெதுவாக உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள். உட்கார்ந்ததுமே அழுத்தம் விழுந்தது. அம்மாவின் கண் மேலே சொருகியது. திரையை இழுத்து மூடி என்னை வெளியே நிறுத்தினார்கள். ஒரு நேர்ஸ் பரிசோதித்தபோது மலம் தார் மாதிரிக் கருப்பு. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அப்படித்தான் போகிறது என்று, பிறகு வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து போனில் மொழிபெயர்க்கக் கிடைத்த தமிழ்ப் பெண்ணிடம் அம்மா சொல்லியிருக்கிறார். லுணுகலையிலிருந்து கொண்டுவந்த முட்டிவலி மாத்திரையை வெறும் வயிற்றில் தேத்தண்ணியோடு விழுங்கி வந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மலை ஏறி இறங்கித் தேய்ந்த முட்டி அது.

இரத்தம் ஏற்றினார்கள். வாய்வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணில் ஊசி போட்டுக் கசிவை நிறுத்தினார்கள். அந்த அறையின் கதவு மூடியிருந்த நேரம் முழுவதும் நடைபாதையில் உட்காராமல் நின்றேன். வெளியே வந்த ஹெலன், "பிழைத்துக்கொள்வார்" என்றார். பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "அப்போதே நான் கேட்டேனே. ஏன் சொல்லவில்லை?"

"அது மருத்துவ விஷயம் என்று தோன்றவில்லை" என்றேன்.

அதுவும் பொய்தான்.

இயன் வேலை முடிந்து வந்து பார்த்தான். ஹெலன் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். என் தோளில் கைவைத்தான். "நான் தப்பாக எடுத்துக்கொண்டேன், சிவா" என்றான். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மன்னிப்பை அவன் கேட்கிறான், நான் பெற்றுக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கு எனக்கு அதைவிடக் கூச்சமான இடம் வேறில்லை.

7

மறுநாள் அம்மாவுக்குக் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் "எழும்ப விடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அவருக்கு அது பெரிய தண்டனை. காலை நீட்டி மல்லாந்து கிடக்க, பெரிய டொக்டர் தன் கூட்டத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். போனதும் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவங்க கிட்ட என்னத்தடா சொன்ன? எந்திரிக்கவே விடமாட்டேங்கிறாங்க."

"உங்களுக்கு எந்திரிச்சு நிக்கிற பழக்கம்னு சொன்னேம்மா."

"எதனாலன்னு சொன்னியா?"

நான் சேலைன் குழாயைச் சரிசெய்தேன்.

"கொழுந்தெடுக்க மலைக்குப் போனவள்னு சொல்லிட்டியா?"

"ஆமாம்மா."

அவர் போர்வையை இழுத்து நெஞ்சுவரை மூடிக்கொண்டார். "எதுக்குத் தம்பி அதையெல்லாம் போயிச் சொன்ன? நீ இவ்வளவு படிச்சு இங்கன வந்து உக்காந்திருக்க. ஒன்னோட பெரியவங்க வராங்க. நான் பாட்டுக்குக் காலை நீட்டிக்கிட்டுக் கெடந்தா, இவன வளத்த வளப்பப் பாருன்னு ஒன்னத்தானே கொறவாப் பேசுவாங்க? அதுக்காகத்தான் முடியாட்டியும் எந்திரிச்சேன்."

"முடியலேன்னு தெரிஞ்சேவா எந்திரிச்சீங்க?"

"ரெண்டு காலும் ஏங்கிட்ட இல்லவே இல்ல. கம்பியப் புடிச்சுக்கிட்டேன். அந்தத் தம்பி, நம்ம வீட்டுக்குச் சாப்புட வந்துச்சே, அது கும்புட்டப்ப விழுந்துருவேன்னு நெனச்சேன். விழுந்தா ஒனக்கு அசிங்கம்னு நின்னுட்டேன்."

அவர் நின்றதைப் பார்த்து நான் கூசிப்போய் நின்ற அதே நிமிஷத்தில், நான் கூசக்கூடாது என்று அவர் நின்றிருக்கிறார். "கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா" என்றேன்.

8

ஒரு மாதம் கழித்து அம்மா ஊருக்குப் புறப்பட்டார். புறப்படும் முன்பு கேட்டுவிட்டேன். இந்தச் சம்பவத்தை ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் சொல்லச் சொல்கிறார்கள், சொல்லலாமா என்று. வயதானவர்கள், வேறு நாட்டவர்கள் எழுந்து நின்றால் அதைத் தெம்பு என்று எழுதிக்கொள்ளக் கூடாது, ஏன் எழுந்தார் என்று கேட்க வேண்டும், படுக்கவைத்தும் உட்காரவைத்தும் அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று திட்டத்தில் சேர்க்கப் போகிறேன் என்றும் விளக்கினேன்.

"நாலு பேருக்கு நல்லதுன்னா சொல்லு" என்றார். சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தபடியே, "ஆனா அம்மான்னு சொல்லாத. யாரோ ஒரு பொம்பளன்னு சொல்லு. தோட்டத்துப் பேரும் வேணாம்" என்றார்.

அப்படியே செய்தேன். போன வாரம் மேடையில் நின்று, "இலங்கையிலிருந்து வந்த, அறுபது தாண்டிய ஒரு பெண்" என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லச் சூடு பிடித்தது. நான் அப்படித்தான், பேச ஆரம்பித்தால் கை கால் எல்லாம் பேசும். தேநீர் வண்டிக் கிழவி வந்த இடத்தில் அறை முழுவதும் அடங்கிப்போனது. முடித்ததும் கைதட்டினார்கள். நிர்வாகத்து டை ஒன்று எழுந்து, இதை எல்லா வார்டுக்கும் கொண்டுபோகலாம் என்றது.

பின்வரிசையில் ஒரு பயிற்சி மாணவி கைதூக்கினாள். பெற்றோர் எந்தத் தேசத்தவரோ, தலையில் முக்காடு, கையில் குறிப்பெடுத்த தாள். "அவர் நின்றது அந்தக் காரணத்தால் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் தன் வார்டில் நிற்கிறவர்களையும் கண்டுகொள்ளலாமே என்ற ஆசையில் கேட்டாள்.

ஹெலன் முன்வரிசையில் இருந்தார். இயன் அவர் பக்கத்தில். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குக் கொஞ்சம் தெரியும்" என்றேன்.

இயன் தலையைக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். மாணவி நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் அடுத்த படத்தைத் திரையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் போனில் பிடித்தேன். அங்கே நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவர் கத்திப் பேசினார்.

"கூட்டத்துல சொன்னியா தம்பி?"

"சொன்னேன்மா. கைதட்டுனாங்க."

"என்னயச் சொல்லலியே?"

"சொல்லலம்மா."

"அதான் நல்லது. அதான் நல்லது, ராசா."

அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. நீங்கள் கேட்டதனால்தானே மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டு நானும் நிம்மதியாகத்தான் போனை வைத்தேன். மறைத்துவிடு என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும், அந்த மாணவிக்கு நான் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டேன். அம்மாவுக்கு அது தெரியாது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை உங்களுக்கு எழுதினேன். எங்கள் தோட்டத்தின் பெயரை இங்கேயும் எழுதவில்லை.